இன்ஃபோசிஸ் ஏறுமா இறங்குமா என்று நாலு பேர் மல்லுக்கட்டும்போது நீங்கள் செய்ய வேண்டியது

பாபநாசத்தில் எனக்கு உரக்கடை. சாயங்காலம் ஆனால் வாசலில் கிடக்கும் நீள பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். யூரியா லோடு எப்போது வரும் என்று ஆரம்பிக்கும் பேச்சு ஷேரில் வந்து நிற்கும். ஒருகாலத்தில் இந்தப் பக்கத்தில் ஷேர் என்றால் சிட்டி யூனியன் பாங்க்தான். 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய வங்கி. பழைய குடும்பங்களில் தாத்தா பெயரிலோ அத்தை பெயரிலோ கொஞ்சம் இருக்கும். இப்போது ஆளுக்கொரு டிமேட் கணக்கு (ஷேரை மின்னணுவாக வைத்திருக்கும் கணக்கு), வாயைத் திறந்தால் இன்ஃபோசிஸ். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, “தங்கமான கம்பெனிம்மா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடலாம்” என்பார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் சார், “ஏஐ வந்தாச்சு, இன்னும் அஞ்சு வருஷத்துல இந்த ஐ.டி. கம்பெனிங்க எல்லாம் காலி” என்பார். நடுவில் ஒரு விவசாயி, குறுவை அறுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று முழிப்பார்.

இது அவருக்காக எழுதுவது. வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று இதில் எங்கும் இருக்காது. சண்டையைக் கேட்டுவிட்டு அதிலிருந்து நமக்கு வேண்டியதை எப்படிப் பிரித்து எடுப்பது என்பது மட்டும்தான். நான் கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். படித்தவள், தினமும் கணக்கு எழுதுகிறவள். அதற்கு மேல் பெரிய படிப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகளை 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் போடும்போது புதிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் எந்த விலையில் உட்கார்ந்திருக்கிறார்?

சண்டை சூடு பிடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: “உங்ககிட்ட இந்தப் பங்கு இருக்கா? எந்த வருஷம், என்ன விலைக்கு வாங்கினீங்க?” பாதிச் சண்டை இதிலேயே இறங்கிவிடும்.

மாமா வாங்கியது 2013-ல். அந்த ஏப்ரல் 12-ம் தேதி ரிசல்ட் (மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு) சரியில்லை என்று இன்ஃபோசிஸ் ஒரே நாளில் 21 சதவீதம் விழுந்தது. அதற்கடுத்த வாரங்களில் துணிந்து வாங்கியவர் அவர். பிறகு 2014, 2015, 2018 என்று மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம். ஒரு பங்கு எட்டாகிவிட்டது. இன்றைய கணக்கில் அவருடைய அடக்க விலை 300 ரூபாய்க்குள்தான் வரும். பங்கு பாதியாக விழுந்தாலும் அவருக்கு லாபமே. அவர் “தங்கம்” என்று சொல்வதில் வியப்பு என்ன?

பாலிடெக்னிக் சார் வாங்கியது 2024 டிசம்பரில், விலை 2,000 ரூபாயை ஒட்டி நின்றபோது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அது 1,300 பக்கம் வந்தது. அவருக்கு ஏஐ மேல் இருக்கும் பயத்தில் கொஞ்சம் ஏஐ, மிச்சம் அந்த 700 ரூபாய். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் இன்று வாங்கினால் உங்கள் விலை மூன்றாவது விலை. ஆகையால் நோட்டில் ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில், சொன்னவரின் வாங்கிய ஆண்டையும் விலையையும் எழுதிவிடுங்கள். பங்கே இல்லாதவர் சொன்னால் “இல்லை” என்று எழுதுங்கள். அவர் பேச்சுக்கு மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம், சில நேரம் அவர்தான் நிதானமாகப் பேசுவார்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. யாராவது 1993 கதையை ஆரம்பிப்பார்கள். கதை உண்மைதான்: அந்த ஆண்டு பங்கு ஒன்று 95 ரூபாய்க்கு வெளியிட்டார்கள், முழுசாக வாங்கக்கூட ஆள் இல்லை, அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி வந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அன்று 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கி அசையாமல் வைத்திருந்தவருக்கு, போனஸும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து 1,02,400 பங்கு ஆகியிருக்கும். 2024-25-ல் பங்குக்கு 43 ரூபாய் டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை. அந்த ஒரு வருடத்துக்கே 44 லட்சம். கேட்கிறவர்களுக்கு வாய் பிளந்துவிடும். ஆனால் 1993-ல் அது சின்னக் கம்பெனி. 2024-25-ல் அதன் வருவாய் 1,62,990 கோடி ரூபாய். அந்த அளவு இன்னொரு ஆயிரம் மடங்கு பெருக உலகத்தில் இடம் இல்லை. கதையைக் கேளுங்கள், காபி குடியுங்கள், நோட்டில் எழுதாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு, சுருக்கமானது: இந்தப் பணம் எப்போது வேண்டும்? தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவரும், பத்து வருடம் தொடப்போவதில்லை என்பவரும் ஒரே பங்கைப் பற்றி வாதாடி முடிவுக்கு வரவே முடியாது.

கம்பெனியைத் தனியாக, விலையைத் தனியாக

“நல்ல கம்பெனி” என்பதும் “நல்ல ஷேர்” என்பதும் பெஞ்சில் ஒரே மூச்சில் வரும். பிரித்து எழுதப் பழகுங்கள். இடது பக்கம் கம்பெனி, வலது பக்கம் விலை.

இதற்கு நான் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் சிஸ்கோ. 2000 மார்ச்சில் இன்டர்நெட் மோகம் உச்சத்தில் இருந்தபோது உலகிலேயே மதிப்பு மிக்க கம்பெனியாகச் சிறிது காலம் இருந்தது. பங்கு 80 டாலர். இன்டர்நெட் வளரும் என்று சொன்னவர்கள் சொன்னபடியே நடந்தது. சிஸ்கோவும் படுத்துவிடவில்லை; 2000-ல் ஏறத்தாழ 1,900 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை 2025-ல் 5,600 கோடியைத் தாண்டியது. பங்கோ 2002 அக்டோபரில் 10 டாலருக்கும் கீழே போனது. பழைய உச்சத்தை மறுபடி தொட 2025 கடைசி வரை ஆனது. கம்பெனியைப் பற்றி எல்லாம் சரியாகக் கணித்தவர், விலையைப் பார்க்காததால் 25 வருடம் காத்திருந்தார்.

இப்போது இன்ஃபோசிஸுக்கு வருவோம். கணக்கு நாலே வரிதான், போட்டுப் பாருங்கள். 2024-25-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 64 ரூபாய். விலை 2,000 என்றால், ஒரு ரூபாய் லாபத்துக்கு 31 ரூபாய் கொடுக்கிறீர்கள். விலை 1,300 என்றால் 20 ரூபாய். இந்த 31, 20 என்பதைத்தான் பி.இ. என்கிறார்கள். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே கம்பெனியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வாடிக்கையாளர்களும் கட்டடங்களும் ஊழியர்களும் அப்படியே இருந்தார்கள். மாறியது, அந்த ஒரு ரூபாய் லாபத்துக்கு ஊர் கொடுக்கத் தயாராக இருந்த விலை.

அடுத்தது வளர்ச்சி. 2021-22-ல் நிகர லாபம் 22,110 கோடி. 2024-25-ல் 26,713 கோடி. மூன்று வருடத்தில் ஆண்டுக்குச் சராசரி ஆறரை சதவீதம். டிவிடெண்ட் 43 ரூபாய்; 1,500 ரூபாய்க்கு வாங்கினால் அது கிட்டத்தட்ட 3 சதவீதம். லாபம் இதே வேகத்தில் வளர்ந்து, பி.இ.யும் அப்படியே இருந்தால், ஆறரையும் மூன்றும் ஒன்பதரை. இதைச் சொன்னதும் மாமா, “போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்துலயே எட்டு புள்ளி ரெண்டு குடுக்கிறான்” என்றார். 2025-ல் அதுதான் வட்டி. போஸ்ட்மாஸ்டர் அல்லவா, விரல் நுனியில் இருக்கிறது. சரி, அப்போது கேள்வி தெளிவாகிவிட்டது: அந்த ஒன்றேகால் சதவீதக் கூடுதலுக்காக இந்த ஏற்ற இறக்கத்தைச் சுமக்க வேண்டுமா? அல்லது லாபம் ஆறரைக்கு மேல் வளரும் என்று நம்பக் காரணம் இருக்கிறதா? “தங்கம்”, “காலி” இரண்டும் போய், ஆறரை பத்தாகுமா மூன்றாகுமா என்பதுதான் இனி வாதம்.

பி.இ. 31-லிருந்து 20-க்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை போட்டுக் காட்டினேன். லாபம் ஆண்டுக்கு ஆறரை சதவீதம் வளர்ந்துகொண்டே இருந்தாலும், அந்த இறக்கத்தை ஈடுகட்ட மட்டும் ஏழு வருடம் ஆகும். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சொல்வதைச் சரிபார்க்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள்

“ஏஐ எல்லாத்தையும் முழுங்கிடும்” என்பதை யாராலும் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. “அப்படி முழுங்கினா, கம்பெனி கணக்குல எந்த எண் முதல்ல அடிபடும் சார்?” என்று கேளுங்கள். மரியாதையாகத்தான் கேட்க வேண்டும். மடக்குவதற்காகக் கேட்டால் அவர் குரலை உயர்த்துவார், நமக்கு ஒன்றும் கிடைக்காது.

எங்கள் பெஞ்சில் யோசித்து யோசித்து ஒரு எண்ணுக்கு வந்தோம்: ஆளுக்கு எவ்வளவு வருவாய். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் ஒவ்வொரு காலாண்டும் ‘ஃபேக்ட் ஷீட்’ என்று ஒரு விவரத் தாள் போடுகிறார்கள். வருவாய், ஊழியர் எண்ணிக்கை, வேலையை விட்டுப் போனவர் சதவீதம், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு, எந்தத் துறையிலிருந்து எவ்வளவு எல்லாம் சில பக்கங்களில் இருக்கும். யூடியூபில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு அதைப் பத்து நிமிடம் பார்க்கலாம்.

2023 மார்ச்சில் ஊழியர்கள் 3,43,234. 2024 மார்ச்சில் 3,17,240. 2025 மார்ச்சில் 3,23,578. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் குறைவு. அதே இரண்டு வருடத்தில் வருவாய் 1,46,767 கோடியிலிருந்து 1,62,990 கோடி ஆனது. ஆளுக்கு வருவாய் 42 லட்சத்து 76 ஆயிரத்திலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது. மாமா உடனே, “பாத்தியா, ஆள் குறைஞ்சும் வருமானம் ஏறியிருக்கு, ஏஐ நல்லதுதான் பண்ணுது” என்றார்.

அவசரப்படக் கூடாது. இன்ஃபோசிஸ் சம்பாதிப்பது பெரும்பாலும் டாலரில். ரூபாய் மதிப்பு இறங்கினால் ஒன்றும் செய்யாமலே ரூபாய் வருவாய் ஏறும். டாலரில் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 53,000 டாலராக இருந்தது 59,500 டாலர் ஆகியிருக்கிறது. ரூபாயில் 18 சதவீத ஏற்றம், டாலரில் 12 சதவீதம்தான். நடுவில் இருக்கும் 6 சதவீதம், ரூபாயின் மதிப்பு சரிந்ததன் வேலை. அந்த 12-லும், கல்லூரியிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்து, இருப்பவர்களை முழுசாக வேலையில் போட்டதற்கு ஒரு பங்கு போகும். மிச்சம் எவ்வளவு ஏஐ என்று இந்தத் தாளிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் இனி ஒவ்வொரு காலாண்டும் பார்க்க ஒரு எண் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் தலையாட்டிய எண் என்பது முக்கியம்.

அமெரிக்க விசா விஷயத்தையும் இப்படித்தான் செய்யலாம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்ததும், அன்று ராத்திரி பெஞ்சே கலங்கிப்போய் இருந்தது. பெருக்கிப் பாருங்கள் என்றேன். ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு ஆயிரம் புது விசா எடுத்தால் பத்துக் கோடி டாலர். கம்பெனியின் ஆண்டு லாபம் சுமார் 316 கோடி டாலர். மூன்று சதவீதம் அடிபடும். வலிக்கும், சாகாது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வெளிநாட்டுக் கம்பெனிகள் நடுவில் ஆள் வைக்காமல் நேராக இந்தியாவிலேயே தங்கள் அலுவலகத்தைத் திறப்பது. அப்படிப்பட்டவை 1,700-க்கும் மேல் இருக்கின்றன. அதைப் பற்றிப் பெஞ்சில் யாரும் குரல் உயர்த்துவதில்லை, டி.வி.யில் காட்டுவதில்லை என்பதால் இருக்கலாம்.

பெரிய ஒப்பந்தச் செய்தி வந்தால்

“இன்ஃபோசிஸுக்கு இத்தனை கோடி டாலர் ஆர்டர்” என்று செய்தி வந்த அன்று வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால், மதகில் பூத்தூவுவதைக் காட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகக் கடைமடைக்குப் போய்ச் சேர எத்தனை நாள், எவ்வளவு மிச்சம் என்பது வேறு கணக்கு. வேதாரண்யம் பக்கத்து விவசாயி டி.வி.யைப் பார்த்துவிட்டு நாற்றங்கால் போடமாட்டார், வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார். ஒப்பந்த மதிப்பு என்பது மேட்டூரில் திறந்த அளவு. வருவாய் என்பது வயலில் ஏறிய அளவு.

2023-24-ல் இன்ஃபோசிஸ் கையெழுத்திட்ட பெரிய ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 1,770 கோடி டாலர். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் புதிது. மற்றது பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. அதுவும் பல வருடத்துக்குப் பரவி வருவது. அந்த ஆண்டு நாணய மாற்றத்தின் பாதிப்பை நீக்கிப் பார்த்தால் வருவாய் வளர்ந்தது 1.4 சதவீதம். அடுத்த ஆண்டு 4.2. பூத்தூவிய அளவுக்கு வயல் நனையவில்லை.

சில நேரம் தண்ணீரே வராது. 2023 செப்டம்பரில் ஒரு பெரிய பன்னாட்டுக் கம்பெனியோடு 15 வருடத்துக்கு 150 கோடி டாலர், ஏஐ சேவைகள் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பரில் அந்தப் பேச்சு முறிந்துவிட்டது என்று இன்ஃபோசிஸே அறிவித்தது. செய்தி வந்த அன்று பெயர் தெரியாத அந்தக் கம்பெனி யார் என்று பெஞ்சில் மூன்று பெயர் ஓடியது. ஆகவே ஒப்பந்தச் செய்தியை நோட்டில் எழுதும்போது நாலு விஷயம் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை வருடத்துக்கு, புதிதா பழையதா, கையெழுத்து ஆனதா இல்லை புரிந்துணர்வு மட்டுமா, பணம் எந்த ஆண்டுக் கணக்கில் வரும். பாதிச் செய்திகளில் இதில் இரண்டுதான் கிடைக்கும். கிடைக்காததை வெறுமையாக விடுங்கள்.

உள்ளே வேலை பார்க்கும் பையன்

தீபாவளிக்கு ஊருக்கு வரும் பையன் பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாரும் அவன் வாயையே பார்ப்பார்கள். “தம்பி, உள்ள எப்படி இருக்கு?” அவன் சொல்வது அவனுடைய ப்ராஜெக்ட்டைப் பற்றி. மூன்று லட்சம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது ஒரு மூலை. அவன் குழுவில் இன்கிரிமென்ட் தள்ளிப்போனால் கம்பெனி மூழ்குகிறது என்பான், டீம் லீடர் பாராட்டினால் கொடி கட்டிப் பறக்கிறது என்பான். வேலையில் என்ன மாறியிருக்கிறது, எந்தக் கருவியைப் புதிதாகத் தந்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று கேளுங்கள். அதில் விஷயம் இருக்கும். ரிசல்ட் எப்படி வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியே வராத நிதி விவரத்தை வைத்துப் பங்கு வாங்குவது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி குற்றம்; சொன்னவனுக்கும் வேலை போகும், வாங்கினவருக்கும் வழக்கு வரும். கணக்கு விவரம் தெரியும் இடத்தில் இருக்கும் ஊழியர்களே, காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் ஆகும்வரை சொந்தக் கம்பெனிப் பங்கில் கை வைக்க முடியாது.

பையன் என்றதும் இன்னொன்று, நான் மிக அழுத்திச் சொல்வது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு ஏற்கெனவே ஐ.டி.யில் பெரிய முதலீடு இருக்கிறது, டிமேட்டில் தெரியாது. நிலத்தை விற்றோ கல்விக்கடன் வாங்கியோ பொறியியல் படிக்கவைத்த மகன். அவன் சம்பளத்தை நம்பிச் சென்னையிலோ பெங்களூரிலோ எடுத்த வீட்டுக் கடன். மருமகளும் அதே துறை. மியூச்சுவல் ஃபண்டு போடுகிறார்கள், அதிலும் 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி இன்டெக்ஸ் என்றால் இன்ஃபோசிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். இந்தத் துறை ஒரு நாள் படுத்தால் சம்பளம், வீட்டுத் தவணை, ஃபண்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும். அதற்கு மேல் அப்பாவின் குறுவைப் பணமும் அங்கேயே போக வேண்டுமா?

பெஞ்சில் இதைச் சொன்னபோது விவசாயி அண்ணன், “அப்ப எனக்கு ஷேரே வேணாம்னு சொல்றியா தங்கச்சி?” என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டில் யாருடைய வருமானம் எந்தத் துறையில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள் என்றேன். அவர் வீட்டில் மூன்றில் இரண்டு சம்பளம் ஐ.டி. எழுதி முடித்ததும் அவரே, வாங்கலாம் என்று நினைத்திருந்த தொகையைக் கால்வாசியாக்கிவிட்டார். கம்பெனியைப் பற்றி அவர் கருத்து எதுவும் மாறவில்லை.

நகையை அடகு வைத்து வாங்குவது, கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த பயிர்க்கடனைத் திருப்பிவிட்டு வாங்குவது பற்றியெல்லாம் நான் விவாதிப்பதில்லை. செய்யக் கூடாது. அவ்வளவுதான்.

பைபேக் வந்தால் என்ன அர்த்தம்

2025 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் 18,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் தானே, பங்குக்கு 1,800 ரூபாய் வீதம் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. அப்போது சந்தை விலை அதைவிடக் குறைவு. நிறுவனர் குடும்பங்கள் தங்கள் பங்கைத் தருவதில்லை என்றார்கள். பெஞ்சில் உடனே இரண்டு கட்சி. “அவங்களே விக்கலைன்னா விலை இன்னும் ஏறும்னு தெரிஞ்சிருக்கு” என்றது ஒரு கட்சி. “வேற தொழில்ல போட வழி தெரியாமத்தான் காசைத் திருப்பித் தர்றாங்க” என்றது மற்றது.

இரண்டுக்கும் முன்னால் வரியைப் பாருங்கள். 2024 அக்டோபர் 1-லிருந்து நடந்த பைபேக்கில் வந்த பணம் முழுவதையும் டிவிடெண்ட் போலக் கருதி, அந்தப் பணத்தைப் பெறுகிறவரின் வருமான வரி வீதத்தில் வரி போட்டார்கள். நீங்கள் வாங்கிய விலை மூலதன நட்டமாகத் தனியாக நின்றது, வேறு மூலதன லாபத்தோடு கழித்துக்கொள்ள முடிந்தது. மேல் படியில் வரி கட்டியவர்களுக்கு இது கட்டுபடியாகவில்லை. நிறுவனர்கள் ஒதுங்கியதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். அதிலிருந்து எதிர்காலம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரியே கட்டாத, கொஞ்சம் பங்கு வைத்திருக்கும் ஒருவருக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். பதிவு நாளில் இரண்டு லட்சம் ரூபாய் மதிப்புக்குள் வைத்திருப்பவர்களுக்கு 15 சதவீதம் தனியாக ஒதுக்கீடும் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், மற்ற வருமானத்துக்கு வீதம் பார்க்கும்போது அதைக் கூட்டுவார்கள் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். வரி விதி வருடத்துக்கு வருடம் மாறும். அடுத்த பைபேக் வந்தால் அந்த ஆண்டு விதியை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் நாள்

இன்ஃபோசிஸ் ரிசல்ட் வழக்கமாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் நடுவில் வரும். ஜனவரி ரிசல்ட் பொங்கலை ஒட்டி விழுவதால், கரும்பு கடித்துக்கொண்டே சண்டை போட வசதி. அன்றைக்கு நான் முதலில் பார்ப்பது லாபத்தை அல்ல, நடப்பு நிதியாண்டில் வளர்ச்சி எவ்வளவு இருக்கும் என்று கம்பெனி சொல்லும் மதிப்பீட்டை. பங்கு ஆடுவது பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான்.

ஆனால் அந்த மதிப்பீட்டையே எப்படி நம்புவது? பழையதை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2023 ஏப்ரலில் அந்த ஆண்டுக்கு 4 முதல் 7 சதவீதம் வளர்வோம் என்றார்கள். ஜூலையில் 1 முதல் 3.5 ஆனது. அக்டோபரில் 1 முதல் 2.5. ஜனவரியில் 1.5 முதல் 2. முடிவில் வந்தது 1.4. அடுத்த ஆண்டு நேர்மாறாக, 1 முதல் 3 என்று அடக்கமாகத் தொடங்கி, ஜனவரியில் 4.5 முதல் 5 வரை ஏற்றி, கடைசியில் 4.2-ல் முடித்தார்கள். 2025-26-க்கு ஏப்ரலில் 0 முதல் 3, ஜூலையில் 1 முதல் 3, அக்டோபரில் 2 முதல் 3. உள்ளே இருந்து எல்லாக் கணக்கையும் பார்க்கிறவர்களுக்கே மூன்று மாதம் தாண்டித் தெரிவதில்லை. மாமாவும் சாரும் ஐந்து வருடம், பத்து வருடம் என்று பேசும்போது நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். இருவருக்கும் பிடிக்காது.

ரிசல்ட் அன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். மதிப்பீடு ஏறியதா இறங்கியதா என்று எழுதுங்கள். ஆளுக்கு வருவாயை டாலரில் போடுங்கள். ஒப்பந்தத்தில் புதிது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நீங்கள் வாங்கும்போது எழுதிவைத்த காரணத்தையும், “இது நடந்தால் விற்பேன்” என்று எழுதிய வரியையும் எடுத்து வாசியுங்கள். அந்த வரி எழுதாமல் வாங்கியிருந்தால் இப்போது எழுதுங்கள், உதாரணத்துக்கு, “தொடர்ந்து இரண்டு ஆண்டு வளர்ச்சி 2 சதவீதத்துக்குக் கீழே போனால்” என்று. விலையை வைத்து மட்டும் எழுத வேண்டாம். 2003 ஏப்ரலில் ஒரே நாளில் 26 சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது, 2013-ல் 21. அப்படி விழுந்த நாளில் விலை மட்டும் எழுதியிருந்தவர்கள் எல்லாரும் கீழ் விலையில் விற்றிருப்பார்கள்.

மறுநாள் காலை சந்தை திறந்து முதல் அரை மணி நேரம் போனில் ஷேர் ஆப்பைத் தொடாதீர்கள். ஆர்டர் போடுவதாக இருந்தால் சந்தை விலைக்கு என்று விடாமல், உங்கள் விலையைக் குறிப்பிட்டுப் போடுங்கள். சாயங்காலம் பெஞ்சுக்கு வரும்போது நோட்டை எடுத்து வாருங்கள், மாமா அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அடக்க விலைப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.